இதயத்தின் காயலான் கடையும் ஒரு வைரஸும்

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவர் மகனுக்கு நான்கு நாள் காய்ச்சல், கூடவே வயிற்றுப்போக்கு. காய்ச்சல் விட்ட அடுத்த வாரம் நெஞ்சுவலி. ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ எல்லாம் பார்த்துவிட்டு, வைரஸால் இதயத் தசையில் அழற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். பையன் தேறி வருகிறான். ஆனால் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு செய்தியைப் போட்டிருக்கிறார்: 'லங்கணம் பரம ஔஷதம். பட்டினி கிடந்தால் செல் தன் கழிவைத் தானே தின்னும், வைரஸையும் தின்றுவிடும். இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்.' பையனை இரண்டு நாள் பட்டினி போடலாமா என்று அம்மா கேட்கிறார்.

போடாதீர்கள் அம்மா. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோபல் பரிசு உண்மைதான். 2016-இல் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது. அவர் பட்டினி போட்டது மனிதர்களை அல்ல, ஈஸ்டை. ஈஸ்ட் செல்லுக்குள் குமிழி மாதிரி ஒரு பை உண்டு. வேண்டாத பொருள்கள் அங்கே போய்ச் சிதையும். சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்து, உணவைக் குறைத்து, சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தார் ஓசுமி. சில மணி நேரத்தில் பை முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள் சேர்ந்து துள்ளிக்கொண்டிருந்தன. குப்பை வந்துகொண்டே இருக்கிறது, எரிக்க ஆளில்லை. செல் தன் குப்பையைத் தானே தின்னும் இந்த வேலைக்கு ஆட்டோஃபேஜி என்ற பெயரை 1963-லேயே பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் வைத்துவிட்டார். ஆனால் அதை நடத்தும் மரபணுக்கள் பிடிபட்டது இந்த ஈஸ்டில்தான். 'ஈஸ்டின் குப்பையைப் பார்த்து என்ன ஆகப்போகிறது' என்று கேட்கிற ஊரில் இந்த வேலை நடந்திருக்காது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை. அதிலும் உடனடிப் பயன் சொல்ல முடியாத வேலைக்குக் கிடைப்பது சொற்பம். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

சரி, இதயத்துக்கு வருவோம். தோல் செல் செத்தால் புதிது வரும். இதயத் தசை செல் அப்படியல்ல, இளைஞர்களிலும் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் புதிதாகிறது. ஒரே வண்டியை ஆயுள் முழுக்க ஓட்டுவது மாதிரி, பாகங்களை மாற்றி மாற்றித்தான் ஓட்ட முடியும். செல்லுக்குள் பழுதான மைட்டோகாண்ட்ரியாவோ (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு) கோணிப்போன புரதமோ கிடந்தால், அதைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான ஒரு பை வளர்ந்து மூடிக்கொள்கிறது. தெருத்தெருவாகப் பழைய இரும்பு ஏற்றிப் போகும் குட்டியானை வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி போய்ச் சேரும் இடம் லைசோசோம், அமிலம் நிறைந்த பை. சென்னையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் புதுப்பேட்டை மாதிரி, அது செல்லின் புதுப்பேட்டை. அங்கே எல்லாம் பிரிக்கப்பட்டு, உதிரிபாகங்கள் மறுபடி உபயோகத்துக்குத் திரும்பும்.

இப்போது வைரஸ். இதய அழற்சிக்குப் பல வைரஸ்கள் காரணமாகலாம், நம் ஊரில் டெங்குவும் அதில் ஒன்று. மிக நன்றாக ஆராயப்பட்டது காக்ஸாக்கி பி3. 1948-இல் காக்ஸாக்கி வைரஸ்கள் முதலில் பிடிபட்ட நியூயார்க் மாநிலச் சிற்றூரின் பெயர் அது. குடல் வழியாக நுழைந்து, ரத்தத்தில் கலந்து, இதயத்துக்கு வரும். இதற்குத் தன் மரபுப்பொருளை நகலெடுக்க உட்கார ஒரு சவ்வு வேண்டும். குட்டியானையின் சவ்வும் அதற்குத் தோதுதான். ஆனால் வண்டி புதுப்பேட்டைக்குப் போய்விட்டால் வைரஸுக்கும் அதே கதி. அதனால் வண்டிகள் நிறையக் கிளம்ப வேண்டும், ஒன்றும் போய்ச் சேரக் கூடாது.

இதை எப்படிச் சாதிக்கிறது என்பதுதான் என்னை அசரவைத்த இடம். வண்டியும் லைசோசோமும் ஒன்றோடொன்று இணைய, இரண்டையும் இழுத்துக் கட்ட ஒரு பின்னல் வேண்டும். நாலு கால் பின்னல். ஒரு கால் வண்டியின் சவ்விலிருந்து வருகிறது, ஒரு கால் லைசோசோமிலிருந்து. மீதி இரண்டையும் ஸ்னாப் 29 என்ற ஒரே புரதம் கொடுக்கிறது. நான்கும் முறுக்க முறுக்க, இரு சவ்வுகளும் நெருங்கி, ஒட்டி, ஒன்றாகிவிடும். காக்ஸாக்கி வைரஸிடம் 3சி என்றொரு கத்தரிக்கோல் நொதி இருக்கிறது. தன் நீளமான புரதத்தைத் துண்டாக்கத்தான் முதலில் அது அதற்குத் தேவை. அதே கத்தரிக்கோலால் ஸ்னாப் 29-ஐ, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில், நறுக்கிவிடுகிறது. அப்புறம் பின்னல் விழாது. வண்டிகள் நிரம்பி நிரம்பிச் செல்லுக்குள்ளேயே தேங்கும். 2ஏ என்ற இன்னொரு கத்தரிக்கோல், குப்பையை அடையாளம் காட்டி வண்டியில் ஏற்றிவிடும் பி62 புரதத்தையும் வெட்டுகிறது. அது போதாதென்று இதயத் தசைநாரைச் சவ்வோடு பிடித்துவைக்கும் டிஸ்ட்ரோஃபினையும் வெட்டி, தசையைத் தளர்த்திவிடுகிறது. சில வைரஸ்கள் கூட்டமாகச் சவ்வுப் பையில் ஏறிச் செல்லை விட்டு வெளியேறவும் செய்கின்றன. பைக்குள் இருப்பதை நம் எதிர்ப்புப் புரதங்கள் எளிதில் பிடிப்பதில்லை.

பெரியப்பா போட்ட செய்திக்கு நேரடியான விடை 2008-இலேயே கிடைத்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் காக்ஸாக்கி பி3-ஐ விட்டு, ஊட்டத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வண்டிகள் கூடின, வைரஸும் கூடியது. வண்டிகள் உருவாவதைத் தடுத்தபோது வைரஸ் குறைந்தது. பின்னாளில் எலிகளின் கணையத்தில், இந்த வேலைக்கு அவசியமான ஒரு மரபணுவை நீக்கிவிட்டுச் செய்த சோதனையிலும் வைரஸ் வெகுவாகக் குறைந்தது. தட்டில் வளரும் செல் வேறு, மனிதர் வேறு. இருந்தாலும் பட்டினி கிடந்தால் வைரஸ் தின்னப்படும் என்ற வாக்கியத்துக்கு இந்த வைரஸ் விஷயத்தில் ஆதாரமில்லை, கைவசமுள்ள ஆதாரம் எதிர்த் திசையில் இருக்கிறது.

அப்படியானால் இந்த மறுசுழற்சியையே மருந்தால் நிறுத்திவிடலாமே? முடியாது. பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அள்ளவும் இதே வண்டிதான். மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு, அது பார்க்கப் பாக்டீரியாவின் டிஎன்ஏ மாதிரி இருக்கும். அது சரியாகச் சிதையாமல் தங்கினால் செல் அதைக் கிருமி என்று எண்ணி அபாய மணி அடிக்கிறது. 2012-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: லைசோசோமில் டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியை இதயத்தில் மட்டும் நீக்கிவிட்டு, இதயத்துக்குப் பளுவைக் கூட்டியபோது, வைரஸே இல்லாமல் இதய அழற்சி வந்தது. குப்பை தேங்கியதே நெருப்புக்குப் போதுமானதாக இருந்தது. அதனால்தான் வண்டிகளை விட்டுவிட்டு அந்த 3சி கத்தரிக்கோலை மழுக்கும் மருந்தைத் தேடுவது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. காக்ஸாக்கி இதய அழற்சிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இன்னும் இல்லை.

அம்மாவுக்கு: பையனுக்குக் கஞ்சி, இட்லி, பருப்பு என்று அவனுக்குப் பிடித்ததைக் கொடுங்கள். பட்டினியைவிட எனக்கு அதிகக் கவலை அவன் கிரிக்கெட் மட்டை மேல்தான். அழற்சி அடங்காத இதயத்தோடு ஓடியாடினால் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகலாம், உயிருக்கே ஆபத்து. உடம்பு தெம்பாகத் தோன்றினாலும், மைதானத்துக்கும் ஜிம்முக்கும் எப்போது போகலாம் என்பதை இதய மருத்துவர் மறுபடி சோதித்துவிட்டுச் சொல்லட்டும். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். நடுவில் நெஞ்சுவலியோ, படபடப்போ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.