மிகைநேரம் வேண்டாம், கூடுதல் நேரம் போதும்

காரைக்குடி வட்டாரத்தில் சிறு ஆலைகளும் கானாடுகாத்தான் பக்கத்து விடுதிகளும் சம்பளக் கணக்கை மென்பொருளில் போடத் தொடங்கிவிட்டன. அதில் தமிழ்த் திரையும் கிடைக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஓவர்டைம் வருகிற இடமெல்லாம் ‘மிகைநேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வருகிறவர்களும் மிகைநேர விதி, மிகைநேரப் படி என்றே பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தச் சொல் வேர் பிடிப்பதற்கு முன் அதன் கோளாறைச் சொல்லியாக வேண்டும்.

ஓவர்டைம் என்பது வரையறுத்த நேரத்துக்கு மேற்பட்டது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் வேலை, நேரம், காசு மூன்றுக்கும் அந்த ஒரே சொல் போதும். மில் ஆட்கள் வாயில் வரும் ஓ.டி.யும் அப்படித்தான். ‘நேத்து ஓ.டி. பார்த்தேன்’ என்றால் வேலை, ‘ரெண்டு மணி ஓ.டி.’ என்றால் நேரம், ‘ஓ.டி. இன்னும் வரலை’ என்றால் காசு. பேச்சில் குழப்பம் இல்லை. திரையில்தான் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டியிருக்கிறது.

மிகைநேரத்துக்காகப் பேசுகிறவர்கள் சொல்வது, மிகை தூய தமிழ், மிகு என்ற வேரில் பிறந்தது என்பது. உண்மை. ஆனால் தூய்மை மட்டும் பார்த்தால் போதுமா? மிகை என்றால் வெறுமனே ‘அதிகம்’ இல்லை; வேண்டிய அளவைத் தாண்டியது, இல்லாமலே இருந்திருக்கலாம் என்பது. துறவியைப் பற்றி வள்ளுவர் ‘உடம்பும் மிகை’ என்கிறார். பிறப்பை அறுக்கப் போகிறவனுக்கு உடம்புகூடத் தேவையற்ற சுமை என்பது பொருள். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ ஒன்று. இன்றைய வழக்கிலும் மிகைப்படுத்தாதே என்றுதான் கண்டிக்கிறோம். முதலாளி கேட்டுக்கொண்டதால் இரவு எட்டு மணிவரை தறியிலோ அடுப்படியிலோ நின்றவனுடைய இரண்டு மணி நேரத்தை இந்தச் சொல்லால் குறிப்பது எப்படி முறையாகும்? அது தேவைப்பட்ட நேரம். தேவைப்பட்டதால்தான் சட்டம் அதற்கு இரு மடங்கு வைத்தது.

இலங்கைத் தமிழர் ‘மேலதிக நேரம்’ என்பார்கள். அங்கே ஊன்றிய வழக்கு, அதில் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இங்கே புதிதாக எடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. அதிகம் வடசொல், மேல் என்றாலும் அதிகம் என்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கூடுதல் எல்லார் வாயிலும் இருக்கிறது. ‘கூட ரெண்டு மணி நேரம் நின்னுட்டுப் போப்பா’ என்றுதான் மேஸ்திரி சொல்வார். இதுவும் தூய தமிழ்தான். கூட்டல் என்ற கணக்கும் அந்த வேரில்தான் நிற்கிறது. வழக்கமான நேரத்துக்குத் தனியாகக் கணக்குப் போட்டு, இதற்குத் தனியாகப் போட்டு, இரண்டையும் கூட்டுவதுதானே இங்கே நடக்கிறது? ஆகவே கூடுதல் நேரம், கூடுதல் நேர வேலை, கூடுதல் நேரச் சம்பளம். நடுவில் இருக்கும் ‘நேர’த்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. கூடுதல் சம்பளம் என்று சுருக்கினால் ஊதிய உயர்வு என்று ஆகிவிடும்.

இதைவிட மோசமானது விகிதக் கட்டத்தில் இருக்கிறது. ‘நேரமும் பாதியும்’, ‘இரட்டை நேரம்’ என்று இரண்டு தேர்வுகள். அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. அதை அங்கே பேச்சில் ‘டைம் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் என்ன விளங்கும்? நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, நாளில் 9 மணி அல்லது வாரத்தில் 48 மணி தாண்டினால் இரு மடங்கு என்றது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இரு மடங்குக்குக் குறையக் கூடாது என்கிறது. ‘இரட்டை நேரம்’ என்றதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை இரண்டு மணியை நான்கு மணியாகப் பதிந்தால் அவர்மேல் என்ன தப்பு? இரட்டிப்பது நேரத்தை இல்லை, விகிதத்தை. ‘ஒன்றரை மடங்கு’, ‘இரு மடங்கு’ என்று போட்டிருந்தால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

அடுத்தது ‘அடிப்படை விகிதம்’. எதை இரு மடங்காக்குவது என்று கேட்கிற கட்டம் அது. நம் கணக்கில் அடிப்படைச் சம்பளம் என்றால், விலைவாசிக்கென்று தரும் பஞ்சப்படி சேராத தொகை. சட்டமோ பஞ்சப்படியையும் சேர்த்துத்தான் இரட்டிக்கச் சொல்கிறது. ஒருவருக்கு மணிக்கு அடிப்படை 60 ரூபாய், பஞ்சப்படி 20 ரூபாய் என்று வையுங்கள். அந்த 9 மணி வரம்பில் பார்த்தால், 11 மணி நேரம் வேலை பார்த்த நாளில் கூடுதல் 2 மணிக்கு அவருக்குச் சேர வேண்டியது 320 ரூபாய். அந்தப் பெயரை நம்பி 60ஐப் போட்டால் 240. மடங்கும் அமெரிக்கக் கணக்கில் ஒன்றரையாகவே விடப்பட்டிருந்தால் 180. ஒரே நாளில் 140 ரூபாய் போய்விடுகிறது.

இந்த மண்ணில் கணக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை எல்லாம் இந்தப் பக்கத்து வணிகர்களான நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுபோய்ப் புழங்கிய சொற்கள். ஏடு எழுதினவர்கள் கையில் பழகிய சொற்கள் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு வேலையைக் குறிக்கிறது. இன்று மொழிபெயர்ப்பவருக்குத் திரையைக் காட்டாமல் சொற்பட்டியலை மட்டும் கொடுக்கிறார்கள். அவரும் அகராதியைப் பார்த்து நிரப்பிவிடுகிறார். ஒரு சம்பள நாளில் ஒரு கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்தப் பிழைகளில் ஒன்றுகூட வந்திருக்காது.

திருத்த நினைப்பவர்கள் மிகைநேரத்தில் தொடங்க வேண்டாம். முதலில் அடிப்படை விகிதத்தை ‘பஞ்சப்படி சேர்ந்த மணிக்கூலி’ என்று மாற்றுங்கள். ஆளுக்குக் காசு குறைவது அங்கேதான். அப்புறம் மடங்கு. ‘மிகைநேரம்’ என்ற தலைப்பு அதற்கும் பிறகு.