ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு எந்த எண்ணெய்?

என்ஜின் ஆயில் வாங்குவதில் கொஞ்சம் தாராளம் காட்டலாம். கையேட்டில் சொன்ன பாகுத்தன்மையும் தரக்குறியீடும் பொருந்தினால், எந்த நிறுவனத்தின் டப்பாவை ஊற்றினாலும் என்ஜின் முணுமுணுக்காது. அதே தாராளத்தை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிடம் காட்டினால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். கியர் மாறும்போது ஓர் உதறல், சீரான வேகத்தில் போகும்போது காரணமில்லாத அதிர்வு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகர மறுப்பது என்று புகார்ப் பட்டியல் நீளும்.

என்ஜினில் எண்ணெயின் தலையாய வேலை உராய்வைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸிலோ அதே எண்ணெய் பற்சக்கரங்களில் உராய்வைக் குறைக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் கிளட்சில் உராய்வைக் கட்டிக்காக்க வேண்டும். ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த எண்ணெயின் சிக்கல் முழுவதும் இந்த முரண்பாட்டில்தான் பிறக்கிறது.

மற்ற வேலைகளை முதலில் சொல்லிவிடலாம். என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டருக்குள் என்ஜினோடு சுழலும் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீசியடிக்க, அந்த வேகத்தில் எதிரே உள்ள சக்கரம் சுழல்கிறது. பம்பு தரும் அழுத்தத்தை எண்ணெய்தான் எண்ணெயை வேண்டிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் குறுகிய வழிகளில் கொண்டுபோய் கிளட்ச் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. பேரிங்குகளுக்கு உயவிடுவதும், சூட்டை வாங்கிக் குளிரூட்டியில் இறக்கிவிடுவதும் அதன் பொறுப்பே. இவற்றையெல்லாம் ஓரளவு தரமான எந்த எண்ணெயும் சமாளித்துவிடும். கிளட்ச்தான் கறார்ப் பேர்வழி.

ஒரு கிளட்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வளையத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் எஃகு. அடுத்தது இருபுறமும் காகிதம் ஒட்டிய தகடு. காகிதம் என்பது உயர்வு நவிற்சி அன்று. மரநாரோடு வேறு இழைகளையும் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த, நுண்துளைகள் நிறைந்த படலம் அது. பிஸ்டன் தள்ளியதும் தகடுகள் நெருங்கும். முதல் கணத்தில் அவற்றுக்கு இடையே எண்ணெய்ப் படலம் மட்டுமே இருக்கிறது. விசையைக் கடத்துவதும் அந்தப் படலம்தான். பிறகு அது காகிதத்தின் துளைகளுக்குள்ளும் பள்ளங்களுக்குள்ளும் பிதுங்கி ஒதுங்க, மேடுகள் மேடுகளைத் தொடுகின்றன. தகடுகளின் வேக வேறுபாடு குறைந்து குறைந்து சுழியாகிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் கடைசிக் கட்டத்தில் பிடிமானத்தைத் தீர்மானிப்பவை, எஃகின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள்.

உராய்வு மாற்றிகள் என்று அழைக்கப்படும் சேர்மானங்கள் அவை. ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும்; நீண்ட ஹைட்ரோகார்பன் வால் வெளியே நீட்டி நிற்கும். வழுக்கும் வேகம் குறையும்போது உராய்வு திடீரென ஏறிவிடாமல் இவை தணிக்கின்றன. இவை போதாமல் போனால், வேகம் குறையக் குறைய உராய்வு கூடும். தகடுகள் ஒட்டும், விசை மிஞ்சியதும் விடுபடும், மறுபடி ஒட்டும். எண்ணெய் காணாத கதவுக் கீல் கிரீச்சிடுவதும் இதே ஒட்டி வழுக்கும் ஆட்டம்தான். இவை அளவுக்கு மிஞ்சினாலும் வம்பு. கிளட்ச் கடைசிவரை இறுகாமல் வழுக்கிக்கொண்டே இருந்து கருகும்.

இன்றைய கியர் பெட்டிகளில் இது இன்னும் நுட்பமான பிரச்சினை. எரிபொருளைச் சேமிக்க டார்க் கன்வர்ட்டருக்குள் பூட்டுக் கிளட்ச் ஒன்று உண்டு. பல வடிவமைப்புகளில் அதை முழுதாகப் பூட்டாமல், நிமிடத்துக்குச் சில பத்துச் சுற்றுகள் அளவுக்கு வேண்டுமென்றே வழுக்கவிடுகிறார்கள். என்ஜினின் அதிர்வு அந்த வழுக்கலில் கரைந்துவிடும். மணிக்கணக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும் கிளட்சுக்கு, எண்ணெயின் உராய்வுக் குணம் சற்றுப் பிசகினாலும் போதும். மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது வண்டி முழுவதும் ஒரு நடுக்கம் ஓடும். டயர் பேலன்சிங் சரியில்லை என்று பலர் சக்கரங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது இந்த நடுக்கத்துக்குத்தான்.

உராய்வைப் பற்றித் தயாரிப்பாளர்களே ஒத்துப்போகவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டியை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் பொருத்தியது. அந்நிறுவனத்தின் எண்ணெய்கள் மென்மையான கியர் மாற்றத்தை நாடின. 1967-இல் டெக்ஸ்ரான் என்ற தரம் வந்தது. அதே காலத்தில் ஃபோர்டின் டைப் எஃப் நேர்மாறான வழியில் போனது. உராய்வு மாற்றிகள் இல்லாததால் நின்ற நிலையில் பிடிமானம் அதிகம். கிளட்ச் வெடுக்கென்று பற்றும். இரண்டுமே சிவப்பு, இரண்டுமே ஏடிஎஃப். ஆனால் ஒன்றுக்காக வடிவமைத்த கிளட்சில் மற்றொன்றை ஊற்றினால் ஒரு பெட்டி வழுக்கும், மற்றொன்று உதறும். தொடக்ககால எண்ணெய்களில் உராய்வைத் தணிக்கும் பொருளாக எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை விதித்த பிறகு, வேதியியலாளர்கள் மாற்றுப் பொருள் தேடி நன்றாகவே அல்லாடினார்கள்.

அடுத்தது பாகுத்தன்மை. 100 பாகை செல்சியஸில் டெக்ஸ்ரான் 3-இன் அளவு ஏறத்தாழ 7 முதல் 7.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு; எண் கூடினால் எண்ணெய் தடிப்பு). 2005-இல் வந்த டெக்ஸ்ரான் 6-க்கு உச்சவரம்பு 6.4. ஃபோர்டின் பத்து கியர் பெட்டிக்கான மெர்கான் யுஎல்வி இன்னும் நீர்த்து, 4.5-ஐ ஒட்டி நிற்கிறது. மெல்லிய எண்ணெயைக் கடைவதற்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும், எரிபொருள் மிச்சம். ஆனால் இடைவெளிகள் பெரிதாக உள்ள பழைய வால்வ் பாடியில் அது கசிந்து அழுத்தம் விழும். தடித்த எண்ணெயைப் புதிய பெட்டியில் ஊற்றினால் வேறு சங்கடம்: கிளட்ச் அறை நிரம்ப எத்தனை மில்லி நொடி ஆகும் என்று கட்டுப்பாட்டுக் கணினி போட்டு வைத்த கணக்கு தப்பிப்போகும். டொயோட்டாவின் பழைய டி-4, புதிய டபிள்யூஎஸ் ஆகிய எண்ணெய்கள் இரண்டையும் மாற்றி ஊற்றக் கூடாது என்பதில் இதற்கும் பங்குண்டு.

டெக்ஸ்ரான் 6 மெல்லியதாயிற்றே, டெக்ஸ்ரான் 3 கேட்கும் பெட்டிக்கு அது எப்படிச் சரியாகும் என்று கேட்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பழைய பெட்டிகளுக்கு அதை அனுமதிக்கவே செய்கிறது. பழைய எண்ணெய் தடிப்பாகத் தொடங்கினாலும், பற்சக்கரங்களின் நடுவே நசுங்கி அதற்குத் தடிப்பைத் தரும் நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் அறுபட்டு விரைவில் நீர்த்துப்போகும். புதியது கடைசிவரை ஏறக்குறைய அதே நிலையில் நிற்கும். தலைகீழாக, டெக்ஸ்ரான் 6 கேட்கும் பெட்டியில் டெக்ஸ்ரான் 3-ஐ ஊற்றுவதற்கு அனுமதி இல்லை.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எந்த வகை ஆட்டோமேட்டிக்? கிளட்ச் மிதி இல்லாத வண்டிகளுக்கெல்லாம் ஒரே பெயர் என்பதால் குழப்பம் வருகிறது. சிவிடி பெட்டியில் எஃகுப் பட்டை எஃகுக் கப்பிகளின் நடுவே இறுகிப் பிடித்துச் சுழல்கிறது. அங்கே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் பிடிமானம் வேண்டும். சாதாரண ஏடிஎஃப் அதைக் கெடுத்தால் பட்டை வழுக்கிக் கப்பியின் முகத்தில் கோடு விழும். அந்தக் காயம் ஆறாது. ஏஎம்டி என்பது அடிப்படையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மனிதக் காலுக்குப் பதில் ஓர் இயந்திரம் அழுத்துகிறது. அதற்கு மேனுவல் கியர் ஆயில். இரட்டைக் கிளட்ச் பெட்டிகளில் எண்ணெயில் நனையும் கிளட்ச், உலர் கிளட்ச் என்று இரு பிரிவுகள் உண்டு. இரண்டுக்கும் எண்ணெய் வெவ்வேறு.

கடையில் டப்பாவைப் பார்க்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு வெறும் சாயம். என்ஜின் ஆயிலிலிருந்து வேறுபடுத்தவும், தரையில் சொட்டினால் எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்கவும் சேர்த்தது. கையேட்டில் எழுதியிருக்கும் தரக்குறியீடு டப்பாவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. 'அங்கீகரிக்கப்பட்டது' என்றால் காரின் தயாரிப்பாளரோ பெட்டியின் தயாரிப்பாளரோ சோதித்து ஒப்புதல் தந்திருக்கிறார். 'ஏற்றது' என்றால் எண்ணெய் நிறுவனம் தானே சொல்லிக்கொள்கிறது. இரண்டாவது பொய் என்று சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்பது மாறுகிறது. எல்லா வண்டிக்கும் என்று முப்பது தரக்குறியீடுகளை அடுக்கும் டப்பாக்களை நான் வாங்குவதில்லை. 4.5 சென்டிஸ்டோக்ஸும் 7.5 சென்டிஸ்டோக்ஸும் கேட்கும் பெட்டிகளுக்கு ஒரே எண்ணெய் ஒருசேரப் பொருந்தும் என்பதை எப்படி நம்புவது? நடுக்கத்தைப் போக்கும் சிறு குப்பிகளும் விற்கிறார்கள். பெரும்பாலும் உராய்வு மாற்றியின் அடர்கரைசல் அது. சில சமயம் பலிக்கும். ஆனால் கிளட்ச் தேய்ந்திருந்தால் அது தேய்மானத்தைச் சற்று நாள் மறைத்து வைக்கும், அவ்வளவே.

'ஆயுள் முழுவதற்கும் ஒரே எண்ணெய்' என்ற வாசகத்தில் யாருடைய ஆயுள் என்று குறிப்பிடப்படுவதில்லை. பல கார்களுக்குப் பெட்டி செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொது விதி. பாரம் இழுக்கும் வண்டிக்கும் நெரிசலில் ஊரும் வண்டிக்கும் இன்னும் முன்னதாகவே மாற்றம் தேவைப்படும்.

பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடைப்பைத் திறந்து வடித்தால் எண்ணெய் முழுவதும் வந்துவிடாது. டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்குமேல் தங்கிவிடுவது வழக்கம். எனவே தவறான எண்ணெய் ஊற்றி வண்டியை ஓட்டிவிட்டால் ஒருமுறை வடிப்பதில் தீராது. பாதி வடிந்தது என்று வைத்துக்கொண்டால், இரண்டு முறை மாற்றிய பிறகும் கால்பங்கு உள்ளேயே இருக்கும். ஊற்றிய கணத்திலேயே தவறு தெரிந்துவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். என்ஜின் ஓடாதவரை பம்பு சுழலாது, தவறான எண்ணெய் சம்ப்பிலேயே கிடக்கும். அப்படியே வடித்துவிட்டு, வடித்த அளவுக்குச் சரியானதை ஊற்றினால் வேலை முடிந்தது.