கானலுக்குள் குறி பார்ப்பது: ஆயிரம் கஜத்துக்கு எத்தனை மடங்கு பெருக்கம் போதும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி பென் ஏவரி என்றொரு சுடுதளம் இருக்கிறது. பிப்ரவரியில் அங்கே நடக்கும் நெடுந்தூர ரைபிள் போட்டியில், எஃப்-கிளாஸ் வீரர்கள் (ரைபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியே சுடும் பிரிவினர்) தரையில் படுத்தபடி 1000 கஜம், அதாவது 914 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கைச் சுடுகிறார்கள். 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். காலையின் முதல் சுற்றில் ஸ்கோப்பை, அதாவது ரைபிளின் மேல் பொருத்திய தொலைநோக்கியை, 40 மடங்குக்கு மேல் வைத்துச் சுடலாம். வெயில் ஏறிப் பாலைவனத் தரை காய்ந்துவிட்டால் 25, சில நேரம் 20 என்று இறக்கத்தான் வேண்டும். 55 மடங்கு, 60 மடங்கு வரை போகும் ஸ்கோப்பாகவே இருந்தாலும் இதே கதிதான். காற்று அதற்கு மேல் விடுவதில்லை.

காற்றின் ஒளிவிலகல் எண் வெப்பத்தோடு மாறும். வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அந்த எண் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்கு குறையும். கேட்க அற்பமாகத் தெரிகிறது. ஆனால் ஒளி 914 மீட்டர் தூரமும் தரையோரமாகவே வருகிறது. வழியெங்கும் சூடான காற்றுத் திரள்கள் மேலெழ, குளிர்ந்தவை கீழிறங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வில்லைபோல ஒளியை இப்படியும் அப்படியும் வளைக்கிறது. இலக்கின் விளிம்பு நெளிவதும் வட்டக் கோடு இரண்டாகத் தெரிவதும் இதனால்தான். இந்த நெளிவைத்தான் கானல் என்கிறோம்.

இப்போது பெருக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். முன்வில்லை 56 மி.மீ. விட்டமுள்ள ஸ்கோப், காற்று அசையாமல் இருந்தாலும், 2 கோண விநாடிக்குக் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு கோண விநாடி) குறைந்த விவரத்தைப் பிரித்துக் காட்டாது. 1000 கஜத்தில் அது 9 மி.மீ. நம் கண்ணுக்கு ஒரு விவரம் தனியாகத் தெரிய அது 60 கோண விநாடி அளவுக்கு விரிய வேண்டும். 2-ஐ 60 ஆக்க 30 மடங்கு போதும். அதற்கு மேல் திருப்பினால் படம் பெரிதாகும், பார்க்க வசதியாகவும் இருக்கும், புதிய விவரம் எதுவும் கிடைக்காது. ஒளியும் குறையும்: 56 மி.மீ.யை 40 ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் 1.4 மி.மீ.தான். தலை சற்று நகர்ந்தாலும் படம் இருண்டுவிடும்.

குண்டுத் துளையைப் பார்க்கத்தான் அதிகப் பெருக்கம் வேண்டும் என்பது பலருடைய எண்ணம். .308 குண்டு 7.8 மி.மீ. விட்டம். மேலே சொன்ன 9 மி.மீ. எல்லைக்கு அது கீழேயே இருப்பதால் 1000 கஜத்தில் துளையை நம்பிப் பயனில்லை. இங்கிலாந்தின் பிஸ்லியில் ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் இலக்கைக் குழிக்குள் இறக்கி, துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, மறுபடி ஏற்றிக் காட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தத் தகட்டை. அதற்கு 20 மடங்கே தாராளம்.

கானல் அந்த 2 கோண விநாடியை இன்னும் பெரிதாக்கிவிடும். இலக்கு 4 கோண விநாடி அளவுக்கு ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மடங்கில் பார்த்தால் அந்த ஆட்டம் 160 ஆகிக் கண்ணை உறுத்தும். 15 மடங்கில் 60-தான், தெரிந்தும் தெரியாமலும் போய்விடும். பெருக்கத்தைக் குறைத்ததால் காற்று அமைதியாகிவிடவில்லை. ஆனால் உங்கள் கண் ஒவ்வொரு நெளிவையும் துரத்துவதை நிறுத்திவிட்டு, 44 அங்குலக் கறுப்பு வட்டம் முழுவதையும் பார்த்து நடுவைப் பிடிக்கிறது. பெரிய வட்டத்தின் நடுவைக் கணிப்பதில் மனிதக் கண் கெட்டி. 10 புள்ளி வட்டம் 15 மடங்கிலும், கண் மருத்துவர் காட்டும் பலகையின் 6/6 வரி எழுத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகவே தெரியும்.

நடைமுறையில் 25-இல் தொடங்குங்கள். 10 வட்டக் கோடு ஒற்றைக் கோடாக நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றலாம். கோடு இரட்டிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி இறங்கிக்கொள்ள வேண்டும். மழை பெய்து ஓய்ந்த தரை, மேகம் மூடிய வானம், விடிந்த உடனேயான நேரம் இவை உயர்ந்த பெருக்கத்துக்கு ஏற்றவை.

எல்லா வெப்பமும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை என்பது அவசியம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மெல்லிய டிரேசிங் தாளை அச்சிட்ட பக்கத்தின் மேல் படிய வைத்தால் எழுத்துகள் தெரியும். தாளைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுவந்தால் எல்லாம் மங்கிவிடும். கானலும் இப்படித்தான். இலக்கருகே ஒளி வளைந்தால் அந்த விலகல் நம்மிடம் வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகிறது. ஸ்கோப்புக்கு எதிரிலேயே வளைந்தால் முழு விலகலும் கண்ணில் விழும். ஆகவே ஸ்கோப்பின் முன்னால் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பாயும், சுட்டுச் சூடேறிய துப்பாக்கிக் குழலும் இலக்கருகே கொதிக்கும் மணலைவிட அதிகம் கெடுக்கும்.

குழலிலிருந்து எழும் கானலை அடையாளம் காண்பது எளிது. பல குண்டுகள் சுட்ட பிறகே தொடங்கும், காட்சியின் அடியிலிருந்து எழும். பக்கத்தில் தனி ஸ்டாண்டில் இருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (பார்ப்பதற்கு மட்டுமான தொலைநோக்கி) படம் தெளிவாக இருந்து, ரைபிள் ஸ்கோப்பில் மட்டும் நெளிந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்கு மருந்து ஒரு பட்டை: ஏறக்குறைய 5 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடு, குழலின் நீளத்துக்கு. பின் முனையை வெல்க்ரோவால் ரிசீவரில், அதாவது குழல் பொருந்தியிருக்கும் உடற்பகுதியில், ஒட்டி, முன் முனையைக் குழலின் மேல் தளர்வாக நிறுத்துவார்கள். சூடு பட்டைக்கு இருபுறமும் பிரிந்து, பார்வைக் கோட்டை விட்டு விலகிப் போகும். இறுக்கிக் கட்டினால் குழலின் அதிர்வு மாறி, குண்டு விழும் இடமே மாறிவிடக்கூடும்.

இவ்வளவு தொந்தரவு தரும் கானலே காற்றைக் காட்டும் சிறந்த கருவியாகவும் இருக்கிறது. .308 குண்டை மணிக்கு ஒரு மைல் வேகக் குறுக்குக் காற்று 1000 கஜத்தில் முக்கால் முதல் ஒரு எம்ஓஏ (கோண நிமிடம், 60 கோண விநாடி) வரை தள்ளும். அங்கே ஒரு எம்ஓஏ 26.6 செ.மீ. அதாவது ஒரு மைல் தப்பாகக் கணித்தால் 10 வட்டம் கைவிட்டுப் போனது. காற்றைப் பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப்பை 20 முதல் 30 மடங்குக்குள் வைத்து, முதலில் இலக்கில் ஃபோகஸ் செய்து, பிறகு சற்றே பின்னுக்குத் திருப்புங்கள். இலக்கு மங்கி, நடுவழியில் ஓடும் கானல் துலங்கும். அலைகள் லேசாகச் சாய்ந்து ஏறினால் மணிக்கு 1 முதல் 3 மைல். 45 டிகிரி அளவில் சாய்ந்தால் 4 முதல் 7. படுக்கையாக ஓடினால் 8 முதல் 12. அதற்கு மேல் எத்தனை வேகமானாலும் கானல் ஒரே மாதிரிதான் தெரியும், ஆகவே கொடிகளைப் பார்க்க வேண்டும்.

அலைகள் நேராக மேலே கொதித்தால் இரண்டு அர்த்தம்: காற்று நின்றிருக்கிறது, அல்லது சுடும் திசையிலோ அதற்கு எதிர்த்திசையிலோ நேராக வீசுகிறது. ஸ்பாட்டிங் ஸ்கோப்பை மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பார்த்தால், எந்தத் திசையில் கொதிப்பு தெரிகிறதோ அந்தக் கோட்டில்தான் காற்று வீசுகிறது. கொதிப்பு நேரத்தில் விசையை இழுக்காமல் இருப்பதே மேல். பெரும்பாலும் காற்று இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ திரும்பப் போகும் இடைவேளை அது.

காற்றை ஸ்பாட்டிங் ஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். ரைபிள் ஸ்கோப்பின் ஃபோகஸ் குமிழைக் கானலுக்காகத் திருப்பினால் பாரலாக்ஸ் பிழை வந்துவிடும். தலை நகரும்போது குறுக்குக் கம்பியும் இலக்கின் மேல் நகரும். படம் மங்கும்போதெல்லாம் அந்தக் குமிழைத் தேடிக் கை போகும். காலையில், காற்று தெளிவாக இருக்கையில், முழுப் பெருக்கத்தில் ஃபோகஸ் செய்து, தலையை அசைத்து, கம்பி நகரவில்லை என்று உறுதிசெய்த பின் அந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பிறகு மங்கினால் குறை காற்றுடையது, குமிழைத் தொட வேண்டாம்.

நெளிவைவிட ஏமாற்றக்கூடியது, படம் முழுவதுமாக இடம் மாறுவது. வெயிலில் தரையோரக் காற்று கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால் இலக்கு உண்மையான இடத்தைவிடத் தாழ்ந்து தெரியும். உயரத்தோடு மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற வேறுபாடு வழி முழுவதும் சீராக இருந்தால் 1000 கஜத்தில் 35 முதல் 40 செ.மீ. தாழ்ந்து காட்டும். அதே வெயிலில் பூஜ்யம் பிடித்திருந்தால், அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்திருந்தால், பாதகமில்லை. மேகம் மூடி வேறுபாடு பாதியாகக் குறைந்தால்தான் வம்பு: படம் 18 செ.மீ. வரை உயரும், உங்கள் குண்டும் கூடவே மேலே போகும். 10 வட்டத்தின் ஆரம் 12.7 செ.மீ.தான். கனமான ஸ்டாண்டில் இறுக்கிய ஒரு ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை இலக்கின் நடுவில் வைத்து, தொடாமல் விட்டுவிட்டு மேகம் வந்து போகும்போது பாருங்கள்; இலக்கு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் இந்த நகர்வு மிகக் குறைவு. குண்டு இடமோ வலமோ போனால் காரணம் காற்று குண்டைத் தள்ளியதே.

பெருக்கத்தைக் குறைக்கும்போது கடைசியாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். போட்டி ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றின் ரெட்டிகிள் (குறுக்குக் கம்பியும் அதிலுள்ள அளவுக் கோடுகளும்) இரண்டாம் குவிதளத்தில் இருக்கும்; பெருக்கத்தை மாற்றினால் இலக்கு மட்டும் பெரிதாகும், சிறிதாகும், கோடுகள் மாறாது. 40 மடங்கில் ஒரு எம்ஓஏ காட்டும் கோடு 20 மடங்கில் 2 எம்ஓஏ ஆகிவிடும். காலையில் காற்றுக்காக மூன்று கோடு தள்ளிப் பிடித்தவர் மதியம் 20-க்கு இறக்கிய பின்னும் அதே மூன்று கோடு பிடித்தால் 6 எம்ஓஏ தள்ளிவிடுவார், கூடுதலாகப் போனது 80 செ.மீ. அன்றைக்கு எந்தப் பெருக்கத்தில் சுடுகிறீர்களோ அதற்கான கோட்டு மதிப்பை ஒரு சீட்டில் எழுதி ஸ்டாக்கின் (ரைபிளின் கட்டை) பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். பெருக்க வளையத்தைத் திருப்பினால் சீட்டையும் மாற்றுங்கள்.