ஸ்டன்னிங்: உணர்விழக்கச் செய்தல்

கால்நடையை இறைச்சிக்காக அறுக்கும் முன் அதை நினைவிழக்கச் செய்வதை இறைச்சிக்கூடத் துறையினர் 'ஸ்டன்னிங்' என்கின்றனர். கழுத்தில் கத்தி படும்போது விலங்குக்கு நினைவு இருக்கக் கூடாது, குருதி வடிந்து உயிர் பிரியும்வரை அந்நினைவு திரும்பி வரவும் கூடாது என்னும் இரண்டும் சேர்ந்ததே இதன் பொருள். அடித்துக் கீழே சாய்ப்பது மட்டும் ஸ்டன்னிங் ஆகாது.

'ஸ்டன்' என்னும் ஆங்கில வினை பழைய பிரெஞ்சு வழியாக, இடி முழங்குதலைக் குறிக்கும் 'தொனாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. இடி தாக்கியதுபோல் நொடியில் நிகழ்வது என்ற அந்தப் பழம்பொருள் இத்தொழிலுக்கு இன்றும் பொருந்துகிறது. ஜெர்மனியின் ஸ்ட்ராவ்பிங் நகர இறைச்சிக்கூட இயக்குநர் ஹூகோ ஹைஸ் 1903இல் இதற்கென உருவாக்கிய கருவியை, மாட்டின் இரு கண்களிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்குக் கோடிழுத்தால் அவை வெட்டிக்கொள்ளும் நெற்றிப்பகுதியில் வைத்து இயக்கினால், உலோகத் தண்டொன்று மண்டையோட்டைத் துளைத்துவிட்டுக் குழலுக்குள்ளேயே திரும்பிவிடும். சரியாகப் பட்ட மாடு அக்கணமே கால் மடிந்து விழும். சீரான மூச்சு இராது. விழியைத் தொட்டாலும் இமை அசையாது. இமை அசைந்தால் கருவியை மறுபடி இயக்க வேண்டுமே தவிர, கத்தியை எடுக்கக் கூடாது. ஆட்டுக்குத் தலையின் இருபுறமும் இடுக்கி வைத்து மின்சாரம் செலுத்துவர். இம்முறையில், அறுக்காமல் விட்டால் ஆடு சற்று நேரத்தில் தெளிந்து எழுந்துவிடும், அதாவது மின்சாரம் அதைக் கொல்வதில்லை என்பதாலேயே நியூசிலாந்தின் ஹலால் இறைச்சிக்கூடங்கள் இதை ஏற்றுள்ளன. ஆனால் ஹலால் சான்றளிப்போரில் சிலர் இதை ஏற்பதில்லை.

ஸ்டன்னிங்கைத் தமிழில் 'மயக்கமூட்டல்' என்று எழுதினால் ஊசிமருந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தியாவின் 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள், நோய்க்கான சிகிச்சை தவிர, அறுப்புக்கு முன் விலங்குக்கு எந்த மருந்தும் தரக் கூடாது என்கின்றன. 'மின்னதிர்ச்சி' இன்னும் பிழையானது, ஏனெனில் அது நினைவோடு இருப்பவர் படுவது. 'மூர்ச்சையாக்கல்' பொருளில் நெருங்கி வந்தாலும் வழக்கில் தேய்ந்துவிட்டது.

நினைவு, வலியறியும் திறன் ஆகிய இரண்டுமே நீங்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வரையறுக்கிறது. அவ்விரண்டையும் 'உணர்வு' என்ற ஒரே சொல் தழுவுவதால், 'உணர்விழக்கச் செய்தல்' என்பதே தக்க தமிழாக எனக்குப் படுகிறது. பெயர்ப்பலகைக்கும் படிவத்துக்கும் சுருக்கம் வேண்டுமானால் 'உணர்வுநீக்கம்' என்று எழுதலாம்.