லைம் நோய்க்கு எத்தனை நாள் மருந்து?

"லைம் நோய்தான். 10 நாள் மாத்திரை எழுதியிருக்கிறேன், போதும்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், ஒருவர் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார். இன்னொருவர் வருடக்கணக்கில் இரத்தக் குழாய் வழியாக மருந்து ஏற்றிக்கொண்டாராம். நம் கையில் இருப்பதோ 20 மாத்திரை. இது எப்படிப் போதும் என்று வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அந்தப் பயத்துக்கு "கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால் போதாது. ஒருவருக்கு ஏன் 10 நாள், இன்னொருவருக்கு ஏன் 28 நாள், 90 நாள் கொடுத்துப் பார்த்தும் ஏன் பலன் கூடவில்லை என்று தெரிந்தால்தான் மனம் அடங்கும். அதற்கு முதலில், உண்ணி கடித்து நமக்குள் வந்து இந்த நோயைத் தரும் கிருமியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

அதன் பெயர் பொரீலியா பர்க்டோர்ஃபெரி. 1981-ல் உண்ணியின் குடலுக்குள் அதைக் கண்ட வில்லி பர்க்டோர்ஃபரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். சுருள் கம்பி போன்ற மெல்லிய உடம்பு. மற்ற பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற இழைகள் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதற்கு அந்த இழைகள் உள்ளேயே, இரண்டு உறைகளுக்கு நடுவே ஓடுகின்றன. அவை சுழலும்போது உடம்பு முழுவதும் அலை அலையாக நெளியும். தண்ணீர் போன்ற திரவத்தில் வேகமாக நீந்தும் பல பாக்டீரியாக்கள் கெட்டியான பொருளுக்குள் மாட்டிக்கொண்டால் திணறிப்போகும். இது திணறாது. தோலுக்கு அடியில் இருக்கும் கூழ் போன்ற திசுவையும் மூட்டின் சவ்வையும் துளைத்துக்கொண்டு போகும். இரத்தம் இதற்குச் சில நாள் பயணப்பாதை மட்டும்தான், தங்குமிடம் இல்லை. தோல், மூட்டு, இதயம், நரம்பு என்று ஏதாவது ஓர் இடத்தில் போய் ஒதுங்கிவிடும்.

இன்னொரு செய்தியும் இங்கே முக்கியம். இந்தக் கிருமி நஞ்சு எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை. காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் பெரும்பாலும் அதை விரட்ட நம் உடம்பே மூட்டுகிற தீ. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, உண்ணி கடித்த உடனே கிருமி நமக்குள் வந்துவிடுமா? வராது. பசியோடு இருக்கும் உண்ணியின் குடலில் அது ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். சூடான இரத்தம் உள்ளே வந்ததும்தான் விழித்துக்கொள்கிறது. தன் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தைக் குறைத்துக்கொண்டு இன்னொன்றைப் போர்த்திக்கொள்கிறது, குடலை விட்டுக் கிளம்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. இதற்கெல்லாம் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் உண்ணியை 24 மணி நேரத்துக்குள் பிடுங்கிவிட்டால் ஆபத்து மிகவும் குறைவு. நோய் பரவியுள்ள பகுதியில், அதைப் பரப்பும் வகை உண்ணி 36 மணி நேரமாவது ஒட்டியிருந்தது என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் 200 மி.கி. ஒரே ஒரு வேளை கொடுப்பதும் உண்டு. நோய் வரும் முன் தடுக்கிற வழி இது. வந்த பிறகு இந்த ஒரு வேளை போதாது. ஆனால் கடிப்பது பெரும்பாலும் கசகசா அளவே இருக்கும் இளம் உண்ணி. வலிக்காது, அரிக்காது. பலருக்குக் கடித்ததே தெரியாது.

தெரிவது, 3 முதல் 30 நாளுக்குள் தோலில் வரும் செந்தடிப்பு. ஓரங்களை நோக்கி நாளுக்கு நாள் பரந்துகொண்டே போகும், ஓர் உள்ளங்கையைத் தாண்டியும் விரியும். பேனாவால் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தால், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ சிவப்பு கோட்டைத் தாண்டியிருப்பதைப் பார்க்கலாம். கிருமிகள் வெளிப்பக்கமாக ஊர்ந்து செல்வதைத்தான் அந்தக் கோடு அளந்து காட்டுகிறது. நடுவில் வெளுத்து வட்டம் வட்டமாக இருந்தால்தான் லைம் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். முழுக்க ஒரே சிவப்பாகவும் வரும். கருத்த தோலில் சிவப்பாகவே தெரியாமல், இரத்தம் கட்டியது போல இருக்கலாம். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு இந்தத் தடிப்பு கவனிக்கப்படாமல் போவது அதிகம். மருத்துவப் புத்தகங்களின் படங்களில் பெரும்பாலும் வெளுத்த தோலே இருந்ததும் அதற்கு ஒரு காரணம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தடிப்பு தெளிவாக இருந்தால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளை. அது அளவுக்கு வந்து சேர வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் "இல்லை" என்று முடிவு வருவதால் நோய் இல்லை என்று ஆகாது. பார்த்த கண்ணுக்கே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் 10 நாள் கணக்கு. டாக்ஸிசைக்கிளின் 100 மி.கி. மாத்திரை, பெரியவர்களுக்கு நாளைக்கு இரண்டு வேளை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்ஸிசிலின் அல்லது செஃபுராக்ஸிம், 14 நாள். அமெரிக்காவின் தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட 2020-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வதும் இதுதான். கர்ப்பிணிகளுக்கு அமாக்ஸிசிலின் பக்கம் போவார்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டாக்ஸிசைக்கிளின் கொடுத்தால் பல் கறுக்கும் என்ற பயம் பல காலம் இருந்தது. குறுகிய காலம் கொடுப்பதில் அந்தப் பயம் தேவையில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது.

இந்த மருந்துகள் தாக்கும் இடம் ஒன்றல்ல. அமாக்ஸிசிலின், பாக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் இடையே பூச்சு பிடிக்காமல் செய்துவிடுகிறது. வளரும்போதுதான் சுவர் கட்டுவார்கள், இல்லையா? அப்போதுதான் இந்த மருந்துக்கு வேலை. இந்தக் கிருமியோ ஆமை வேகம். நம் குடலில் வாழும் ஈ கோலை, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகிவிடும். பொரீலியா, ஆய்வகத்தில் நன்றாகச் சாப்பாடு போட்டு வளர்த்தால்கூட ஒரு முறை இரட்டிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் மருந்தை நிறுத்த முடியாததன் காரணம் இந்த மந்தம்தான். டாக்ஸிசைக்கிளின் வேறு வழியில் போகிறது. புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. கிருமி பெருக முடியாமல் நிற்கும்போது நம் வெள்ளணுக்கள் வந்து மிச்சத்தை முடிக்கின்றன. கடைசிக் கிருமி வரை மருந்தே கொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 10 நாள் போதுமா என்ற கேள்விக்குப் பாதி பதில் இங்கே இருக்கிறது.

டாக்ஸிசைக்கிளினை விழுங்குவதிலும் ஒரு முறை உண்டு. படுக்கப் போகும்போது ஒரு வாய் தண்ணீரில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தி வைத்தது போல வலிக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளோடும் அசிடிட்டி மருந்தோடும் சேர்த்துப் போட்டால் அவை இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் சேராது. வெயிலில் தோல் எளிதாகப் பொசுங்கும்.

அப்புறம், தொடங்கிய முதல் நாளே சிலருக்குக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் கூடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். கிருமிகள் உடையும்போது சிதறும் துண்டுகளைப் பார்த்து உடம்பு கிளர்ந்தெழுவதுதான் அது. பெரும்பாலும் ஒரு நாளில் தணியும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் அது ஒவ்வாமை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தோலைத் தாண்டிக் கிருமி எங்கே போயிருக்கிறது என்பதைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். முக நரம்பைத் தொட்டால் ஒரு பக்க வாய் கோணும், கண் மூடாது. மூளையுறையில் அழற்சி வந்தால் தலைவலியும் கழுத்து இறுக்கமும் இருக்கும். இவற்றுக்கு 14 முதல் 21 நாள். நரம்பு என்றாலே ஊசிதான் என்று முன்பு நினைத்தார்கள். நார்வேயில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில் டாக்ஸிசைக்கிளின் மாத்திரையும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் ஒரே அளவு பலன் கொடுத்தன. மூளைத் திசுவையோ தண்டுவடத்தையோ தாக்கியிருந்தால் மட்டும் ஊசி மருந்துதான், அதுவும் 2 முதல் 4 வாரம்.

இதயத்தில் போய் ஒதுங்கினால் விஷயம் அவசரம். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு தாமதமாகும், சில சமயம் முழுதாகத் தடைபடும். காலையில் லேசான தாமதமாக இருந்தது மாலைக்குள் முழுத் தடையாகிவிடலாம். செந்தடிப்பு வந்தவருக்குத் தலைசுற்றல், மயக்கம், படபடப்பு என்றால் ஈசிஜி எடுக்காமல் விடக்கூடாது. மருத்துவமனையில் வைத்து ஊசி போடுவார்கள், தேவைப்பட்டால் தற்காலிக பேஸ்மேக்கர் வைப்பார்கள். நல்ல செய்தி என்னவென்றால், தற்காலிகம் பெரும்பாலும் தற்காலிகமாகவே முடியும். மருந்து ஏறியதும் தடை விலகும்.

மூட்டு பொறுமையைச் சோதிக்கும். கடித்துப் பல மாதம் கழித்து, பெரும்பாலும் முழங்காலில், திடீரென்று பெரிய வீக்கம். வலியைவிட வீக்கமே அதிகமாக இருக்கும். 28 நாள் மாத்திரை. பெரும்பாலோருக்கு வற்றிவிடும். வற்றாதவர்களுக்கு இன்னொரு சுற்று, இல்லையென்றால் ஊசி. அதற்கும் வற்றவில்லை என்றால்?

இந்தக் கேள்விக்கான பதில்தான் எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பகுதி. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து முடிந்த நோயாளிகளின் மூட்டு நீரில் கிருமியின் சுவர்த் துண்டுகள் கிடைத்தன. கிருமி போய்விட்டது, வீட்டை இடித்த கல்லும் மண்ணும் அகற்றப்படாமல் கிடக்கிறது. அதைப் பார்த்து உடம்பு இன்னும் எதிரி உள்ளே இருப்பதாக நினைத்துத் தீ மூட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு ஆன்டிபயாடிக் இன்னும் பத்து சுற்று கொடுத்தாலும் கொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. அதனால் மருத்துவர்கள் இந்தக் கட்டத்தில் பக்கம் மாறி, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற, அழற்சியை அடக்கும் மருந்துக்குப் போகிறார்கள். கிருமிக்கு வைத்தியம் முடிந்து, நம் உடம்பின் கோபத்துக்கு வைத்தியம் தொடங்குகிறது.

இனி 90 நாள் கதை. மருந்து முடிந்த பிறகும் 100-ல் 5 முதல் 10 பேருக்கு மாதக்கணக்கில் அசதி, உடம்பு வலி, யோசனை ஓடாத மந்தம் எல்லாம் நீடிக்கின்றன. இவர்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வது அநியாயம். இந்த நோயே மருத்துவ உலகத்துக்குத் தெரிய வந்தது நோயாளிகள் விடாமல் பேசியதால்தான். கனெக்டிகட் மாநிலத்தின் லைம் ஊரில், குழந்தைகள் பலருக்கு ஒரே நேரத்தில் மூட்டு வீங்குவதைக் குறித்துக்கொண்டே வந்து 1975-ல் சுகாதாரத் துறையிடம் போனவர் பாலி மரே என்ற தாய். அதன் பிறகுதான் ஆலன் ஸ்டீரும் சக மருத்துவர்களும் ஆராய்ந்து, 51 நோயாளிகளைப் பற்றி 1977-ல் எழுதினார்கள்.

அசதி உண்மை. ஆனால் அதற்கு மருந்து மேலும் ஆன்டிபயாடிக்தானா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். சோதித்தார்கள். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் ஊசி, 60 நாள் மாத்திரை. மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசி, போலி மாத்திரை. இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரிடம் 12 வார மருந்தைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் அதேதான். தீங்கு மட்டும் உறுதி: இரத்த நாளத்தில் மாதக்கணக்கில் குழாய் இருந்தால் அதன் வழியே வேறு கிருமி ஏறும், இரத்தம் உறையும், செஃப்ட்ரியாக்ஸோனால் பித்தப்பையில் கல் சேரும், குடலின் நல்ல பாக்டீரியா அழிந்து கடும் வயிற்றுப்போக்கு வரும். குழாய்த் தொற்றால் உயிரே போனதும் பதிவாகியிருக்கிறது. நீண்ட காலச் சிகிச்சை என்று காசு வாங்கிக்கொண்டு நம்பிக்கை விற்பவர்களிடம் நொந்துபோனவர்கள் சிக்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அப்படியானால் இவர்களுக்கு என்ன வழி? அதே உண்ணி வேறு தொற்றையும் தந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பபீசியா என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் வாழும், டாக்ஸிசைக்கிளினுக்கு அசையாது, அதற்கு மருந்தே வேறு. தைராய்டு, இரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுதல் போன்றவற்றையும் தேட வேண்டும். தூக்கத்துக்கும் வலிக்கும் தனித்தனியாக வைத்தியம் பார்த்து, உடற்பயிற்சியை உடம்பு தாங்கும் அளவுக்கு மெல்லக் கூட்டலாம். பெரும்பாலோர் மெதுவாகத் தேறுகிறார்கள், மாதங்கள் ஆனாலும். குணமானதா என்று பார்க்க மறுபடி மறுபடி இரத்தம் சோதிப்பதில் பயனில்லை. எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும்.

அந்த எதிர்ப்பொருள் அடுத்த கடியிலிருந்து காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. மறுபடி செந்தடிப்பு வந்தவர்களுக்கு அது பழைய கிருமி பதுங்கியிருந்து எழுந்ததா, புதிய கடியா என்ற சந்தேகம் நீண்ட காலம் இருந்தது. இரண்டு முறையும் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ கிருமியை வளர்த்து ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளியானது. 17 நோயாளிகள், 22 ஜோடித் தடிப்புகள். ஒன்றில்கூடப் பழைய ரகம் இல்லை. முதல் முறை வந்தது முதல் முறையே செத்துப்போயிருந்தது. புதிதாக ஓர் உண்ணி கடித்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும், 10 நாள்.