சிவப்பைப் பார்க்காத தகடு

தேவிபட்டினத்தில் உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. சின்ன ஜமீன்தாருக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வெல்வெட் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, பூண் போட்ட கைத்தடி, முறுக்கிவிட்ட மீசை. காதுக் கடுக்கனில் மட்டும் ஏதோ கருங்கல்.

"அது சிவப்புக்கல்லுப்பா. எங்க அப்பத்தா கையால எடுத்துக் காட்டியிருக்கு" என்று சாதித்தார் பெரியம்மா. நெற்றிக் குங்குமமும் மைப்பொட்டு போலத்தான் இருந்தது.

பெரியம்மா சொன்னது சரி. தப்பு தகட்டின் மேல்.

அந்தக் காலத்தில் வெள்ளி புரோமைடு உப்பை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசியிருப்பார்கள். ஒளி பட்ட படிகத்தில் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுசேரும், கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டால் அந்தச் சின்னப் புள்ளியிலிருந்து தொடங்கி முழுப் படிகமும் கறுத்த வெள்ளியாகும். மிச்ச உப்பை ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் கரைத்துவிடும். அதுதான் நெகட்டிவ். அதைத் தாளில் அச்சிடும்போது கறுப்பும் வெளுப்பும் இடம் மாறும்.

இந்த உப்பை உசுப்பும் தெம்பு நீலம், ஊதா, புற ஊதா ஒளிக்குத்தான் உண்டு. சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் போதாது. ஆகவே குங்குமமும் சிவப்புக்கல்லும் தகட்டுக்கு வெறும் இருட்டு. நீல வானமோ வெள்ளைவெளேர். மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் சிவப்பு அதிகம், நீலம் குறைவு. ஆள் இருப்பதைவிடக் கறுப்பாக விழுவார். பழைய படத்தை வைத்துப் பாட்டன் நிறத்தைப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

1873-ல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மன் வேதியியலர், சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் பார்க்கும் என்று கண்டார். சிவப்புவரை பார்க்கும் தகடு கடைக்கு வர 1906 ஆனது. நம் படம் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி காலத்தது என்கிறார்கள். அவர் 1903-லேயே காலமாகிவிட்டார். அப்புறம் கடுக்கன் கறுக்காமல் என்ன செய்யும்? இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய முடிந்ததும் இதே குறையால்தான்.

படத்தைச் சாய்த்துப் பார்த்தால் கோட்டின் கறுப்பில் மீன் செதில்போல ஒரு நீல மினுமினுப்பு. கடற்கரை ஈரத்தில் வெள்ளி ஆக்சிஜனேற்றமடைந்து, அயனியாக மேலே ஊர்ந்து வந்து, மறுபடி உலோகமாகப் படிந்தது அது. பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியோடு வந்த பெரியம்மாவைத் தடுக்க வேண்டியிருந்தது. ஜெலட்டின் ஈரத்தில் இளகும். படமே துணியோடு வந்துவிடும்.

பேரனின் நீல மிட்டாய்த் தாளை நாலாக மடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துக்கொண்டு பீரோ கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்தார்.

"அடியாத்தி, மை வச்ச மாதிரில்ல இருக்கு."