படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு ஆயாவிடம் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் முதியோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. "வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவேன். படம் பார்ப்போம் என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். ஆனால் தாத்தா தூங்கிப் போகாமலும் பேத்தி போனை எடுக்காமலும் கடைசிவரை பார்க்கிற படங்கள் கொஞ்சம்தான். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நடப்பதாக எடுக்கப்பட்ட, சிரிப்பும் காதலும் கலந்த படங்கள் அந்தக் கொஞ்சத்தில் கட்டாயம் இருக்கும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? முதலில், பழைய காலத்தில் காதலுக்குத் தடை தானாகவே கிடைக்கிறது. இன்று இருவர் சந்திக்கத் தவறினால் ஒரு வாட்ஸாப் செய்தியில் விஷயம் முடிந்துவிடும். அன்று கடிதம் வேறு கைக்குப் போகும். தெருவில் ஒரே ஒரு டெலிபோன், அதுவும் வாய் ஓயாத அத்தை வீட்டில் இருக்கும். தவிப்பு நீள நீளச் சிரிப்பும் நீள்கிறது. அப்புறம், அந்தக் காலம் முடிந்துபோன காலம். நாளைக்கு என்ன ஆகுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறவருக்கு, இனி எதுவும் மாறப்போவதில்லை என்று தெரிந்த ஓர் உலகத்தில் இரண்டு மணி நேரம் இருப்பது நிஜமான ஓய்வு. பதற்றத்தோடு வருகிற இளைஞர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் பிறந்தே இராத காலம் அது. ஆனாலும் மனம் இளகுகிறது.

முதியோருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன. முதல் வேலை, முதல் காதல், கல்யாணம் எல்லாம் அதற்குள்தான். படத்தில் ஒரு பாட்டோ ஒரு பாவாடைத் துணியோ அந்த வயதைத் தொட்டுவிட்டால் போதும். வயதானவர்கள் பழங்கதை பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று எண்ணிய காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்த்துக்கொள்வது முதுமையின் இயல்பான வேலை என்றார். இன்று முதியோர் இல்லங்களில் நாங்கள் செய்யும் நினைவுகூரல் சிகிச்சை வளர்ந்தது அந்த எண்ணத்திலிருந்துதான்.

நம் ஊரில் இதற்குத் தனிக் கனம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி 1976இல்தான் வந்தது. அதற்கு முன் இளமையைக் கழித்தவர்களுக்குப் பயாஸ்கோப் என்ற சினிமா தியேட்டர் ஒன்றுதான் திரை. கிரே தெருப் பக்கம் ஷாஜஹான், ராஜ், அவலோன் என்று தியேட்டர் பேர் சொன்னாலே முகம் மாறும் பெரியவர்கள் இன்றும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறார்கள்.

ஒரு முதியோர் இல்லத்தில் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. கதாநாயகி தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தியேட்டர் வரிசையில் நிற்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வசிக்கும் ஓர் ஆயா, அதாவது பாட்டி, வாய்விட்டுச் சிரித்தார். "தம்பிக்கு வேர்க்கடலை வாங்கிக் குடுத்துடணும். இன்டர்வெல் வரைக்கும் வாயே திறக்கமாட்டான்!" பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். படத்தை நிறுத்தினேன். சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார் ஆயா. பிறகு, "அந்த வீடு இப்ப இல்ல" என்றார். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகஸீன் பாரக்ஸில் பிறந்தவர் அவர். சாமான்களை லாரியில் ஏற்றிய நாளைச் சொன்னார். சாமிப் படத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் அவர் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். மகன் பார்க்க வந்தபோது இதைக் கேட்டேன். அந்த லாரியைப் பற்றி அவர் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

அந்தப் படத்தில் லாரி கிடையாது. ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்று 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் கொண்டு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. பலர் 1960களில் புதிதாக எழுந்த சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டம் நீங்கியது 1991இல். காதல் நகைச்சுவைப் படம் இதையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அதன் வேலை வேறு, அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் படம் திறந்துவிட்ட கதவு வழியாக லாரியும் வந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். பெரியவர் சட்டென்று அமைதியானால் பேச்சை மாற்றாதீர்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு ஆயா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. "அந்தக் காலத்துக் காதல்தான் காதல்" என்று படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் மாமாக்கள். பல படங்களில் நாயகன் வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே அலைவது நகைச்சுவை. அந்த இடங்களில் சில ஆயாக்கள் சிரிப்பதில்லை. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள், பார்க்காத மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டியவர்கள் அவர்களில் உண்டு. "என்னை யாரு கேட்டா?" என்று பேத்தி முன்னால் ஒருவர் சொன்னார். பேத்தி அன்று ஆயாவிடம் கேட்ட கேள்விகள் எந்த ஆலோசகருக்கும் தோன்றாதவை. தொல்லை தரும் ஒருவனைப் பற்றி வெளியில் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த பெண் அவள். ஆயாவிடம்தான் முதலில் சொன்னாள்.

சரி, எப்படிக் கேட்பது? "ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கினால் அது பரீட்சை. அதுவும் மறதி நோய் உள்ளவருக்கு அவமானமாகிவிடும். "டிக்கெட் வாங்க யாரு போவாங்க?", "அப்ப தலைக்கு என்ன எண்ணெய்?" என்று கையும் மூக்கும் அறிந்த சின்ன விஷயங்களைக் கேளுங்கள். ஆண்டும் பெயரும் தவறாக வந்தால் திருத்த வேண்டாம். மறதி நோய் உள்ளவருக்கு முழுப் படம் அதிகம். ஒரு பாட்டு, ஒரு காட்சி, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அறையில் வேறு சத்தம் இருக்கக் கூடாது. கதை புரியாவிட்டாலும் பாட்டோடு வாய் அசையும். பதற்றமாகி எழுந்து நடக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு டீ கொடுங்கள்.

பெரியவர் அழுதால் உடனே பயப்பட வேண்டியதில்லை. துணையை இழந்தவர் காதல் காட்சியில் கண் கலங்குவது இயல்பு. அழுது முடித்துச் சாப்பிட வருகிறாரா, மறுநாள் பேரப்பிள்ளையிடம் பேசுகிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, நான் உங்களுக்குப் பாரம் என்றோ போய்ச் சேர்ந்தால் தேவலை என்றோ பேசினால் அது பழைய நினைப்பு மட்டும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். வயசாச்சு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடமோ அருகிலுள்ள கிளினிக்கிலோ காட்டுங்கள். சாக முயல்வதைப் பற்றிப் பேசினால் தனியாக விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். சாடாக் என்ற தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழு இலவச உதவித் தொலைபேசிகளை நடத்துகிறது. குடும்பத்தாரும் அங்கே பேசலாம்.

ஒரு விஷயம் பேரப்பிள்ளைகளுக்கு. ஆயா பேசத் தொடங்கியதும் போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள். பதிவு செய்யலாமா என்று கேளுங்கள், யார் யார் கேட்பார்கள் என்றும் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். பிறகு மனம் மாறி அழிக்கச் சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.